ஆறாவது டேங்கில் மிளகு

பிப்ரவரி 9

முதலாளி துரைராசு சார் கொடுத்த டைரி இது. அட்டையில் ஏதோ உரக்கடையின் விளம்பரம், உள்ளே பக்கத்துக்குப் பக்கம் ராகு காலம். ஜனவரி முழுக்க ஒன்றும் எழுதவில்லை. இன்று ஷிராஸ் திராட்சை அறுவடை தொடங்கியதால் நானும் தொடங்குகிறேன்.

காலையில் ஆட்களுக்குக் கத்தரிக்கோல் எடுத்துக் கொடுக்கும்போதே சார் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். "இந்த வருசம் ஒரு கன்டெய்னராச்சும் கப்பல் ஏறணும். இல்லேன்னா அம்புட்டுக் கொடியையும் வெட்டிப்புட்டுப் பன்னீர் நட்டுருவேன், பாத்துக்க."

என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. ஆனால் எனக்குத்தான் சொன்னார். கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை கண்ணை மூடிக்கொண்டு விற்கும், வருடத்தில் இரண்டு மூன்று முறை காய்க்கும். ஷிராஸ் அப்படியில்லை. வருடத்துக்கு ஒரே அறுவடை, சின்னப் பழம், தடித்த கறுப்புத் தோல், வாயில் போட்டால் விதைதான் அதிகம். ஒயின் போடுவதைத் தவிர வேறெதற்கும் ஆகாது. அதை நம்பித்தான் நான்கு வருடத்துக்கு முன் நாசிக் வேலையை விட்டுவிட்டு இங்கே வந்தேன். அங்கே நாற்பது டேங்குகளுக்கு நடுவில் நான் மூன்றாவது ஆள். இங்கே நானே ஒயின் மேக்கர். ஆறு டேங்க், ஒரு சோதனைக்கூடம், ஒரு மூக்கு. மூக்கு என்னுடையது.

கொடியை வெட்டினால் நானும் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். வெட்ட விடமாட்டேன்.

பிப்ரவரி 12

மாயழகு அண்ணனின் பழ லோடு வந்தது. மலையடிவாரத்தில் மேற்கே ஒதுங்கிய இரண்டு ஏக்கர் அவருடையது. சாயங்காலம் நாலு மணிக்கே மலையின் நிழல் விழுந்துவிடும் இடம். அதனால்தான் டிசம்பரிலேயே படித்துப் படித்துச் சொன்னேன், கொத்தைச் சுற்றியுள்ள இலைகளைக் கிள்ளிவிடுங்கள், பழத்தில் வெயில் படட்டும் என்று. ஒரு இலைகூடக் கிள்ளவில்லை. இனிப்பு மற்றவர்கள் பழத்தைவிடக் குறைவு, புளிப்பு அதிகம்.

"எலையா?" என்றார். "அட, நெசமாவே மறந்துபோச்சு தாயி. பொண்ணு கல்யாணம்னு அலைஞ்சதுல தோட்டத்துப் பக்கம் எங்க போக? தண்ணி கட்டுனதோட சரி."

அந்தக் கல்யாணத்துக்கு நானும் போயிருந்தேன். உத்தமபாளையத்தில் மண்டபம், சாப்பாடு பிரமாதம். அதற்காகத் தரத்தை உயர்த்த முடியுமா? இரண்டாம் தரம் என்று எழுதினேன்.

"போன மாசம் மொய் வச்ச கையி, இந்த மாசம் தரத்தக் கொறைக்குது" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் டீ குடிக்காமல் கிளம்பிவிட்டார்.

அந்தப் பழத்தை மற்றவற்றோடு கலக்க மனம் வரவில்லை. ஆறாவது டேங்க் சின்னது, காலியாக இருந்தது. அதில் தனியாகப் போடச் சொன்னேன்.

பிப்ரவரி 18, சாம்பல் புதன்

நெற்றியில் சாம்பலோடு நாள் முழுக்க டேங்க் கூடத்தில். ஆறு டேங்கும் நொதித்துப் பொங்குகின்றன. இந்தச் சமயத்தில் தோலெல்லாம் மேலே மிதந்து கெட்டியாகக் கட்டிக்கொள்ளும். அடியிலிருக்கும் சாற்றைப் பம்ப் வைத்து இழுத்து அதன்மேல் ஊற்ற வேண்டும், இல்லாவிட்டால் நிறமும் இறங்காது, மணமும் இறங்காது. ஏணியில் ஏறி அதைச் செய்வது அன்னக்கொடி அக்கா. டேங்க் கழுவுவதிலிருந்து குழாய் மாட்டுவது வரை எல்லாம் அவர்தான். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், என்னைத் தாயி என்பார்.

ஆறாவது டேங்கின் மேலிருந்து மூன்று தும்மல் கேட்டது.

"தாயி, இதுல என்னத்தப் போட்டீக? மொளகத் தட்டிப் போட்டாப்ல வருது."

இறங்கச் சொல்லி அவர் டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்தேன். நினைத்தபடியே ரசம் சோறு. கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னேன். இனி டேங்க் கூடத்துக்குள் சாப்பாடு வரக்கூடாது என்று எழுதிக் கதவில் ஒட்டிவிட்டேன்.

பிப்ரவரி 23

அன்னக்கொடி அக்கா இன்று தயிர்ச்சோறு. சாப்பிட்டதும் வெளியில்தான். ஆனாலும் ஆறாவதில் மிளகு வருகிறதாம். இப்படி ஒரு பிடிவாதக்காரியை நான் பார்த்ததில்லை.

மார்ச் 3

தோலைப் பிழிந்து எடுத்தாயிற்று. ஆறையும் வரிசையாக முகர்ந்து, வாயில் வைத்து, துப்பி, குறித்துக்கொண்டேன். இரண்டாவது டேங்க் அருமை. நாவல்பழம், கொஞ்சம் கருப்பட்டி, முடிவில் ஈரமான கருங்கல். எட்டாயிரம் லிட்டர் இருக்கிறது. கன்டெய்னர் என்று ஒன்று போனால் இதுதான் போகும்.

ஆறாவது ஊமை. புளிப்பு இருக்கிறது, நிறம் இருக்கிறது, மணம் மட்டும் வாய் திறக்கவில்லை. மேடையில் ஏற்றிவிட்டால் திருதிருவென்று விழிக்கும் பிள்ளையைப் போல நிற்கிறது. சார் வந்து டம்ளரை வாங்கி மூக்கருகே வைத்துவிட்டு, "என்னமோ காட்டமா வருதேம்மா" என்றார். கெட்டுப்போகத் தொடங்கிவிட்டதோ என்று பயந்து எல்லாச் சோதனையும் செய்தேன். ஒரு குறையும் இல்லை. ஆனாலும் சார் மூக்கில் ஏதோ படுகிறதென்றால் ஆபத்து எதற்கு? வினிகர் கம்பெனிக்குக் கொடுத்துவிடலாம் என்றேன். அவர்களுக்கு ஊமையானாலும் ஒன்றுதான். இந்த மாதக் கடைசியில் டேங்கர் வரும். கலால் அலுவலகத்தில் பர்மிட்டுக்கு எழுதிப் போட்டாயிற்று.

மார்ச் 10

மின்னஞ்சல்! ரீயூனியன் என்ற பிரெஞ்சுத் தீவிலிருந்து. பெயர் ழான்-லூக் வீராசாமி. கொச்சியில் போன வருடம் நடந்த கண்காட்சியில் நம் ஒயினைக் குடித்துப் பார்த்தவராம். தீவில் நான்கு கடைகளும் இரண்டு உணவகங்களும் வைத்திருக்கிறார். ஈஸ்டர் முடிந்ததும் நேரில் வருகிறாராம்.

சார் பெயரைப் பார்த்ததும் துள்ளிவிட்டார். "வீராசாமியா? நம்மாளும்மா!" கொள்ளுத்தாத்தா காலத்தில் கரும்புத் தோட்ட வேலைக்குப் போன குடும்பம், இப்போது அவருக்குத் தமிழ் தெரியாது என்று சொல்லியும் கேட்கவில்லை.

ஒரு நிபந்தனை எழுதியிருக்கிறார். அவர்கள் ஊர்ச் சமையல் காரம். அதற்குப் பக்கத்தில் நிற்க, மிளகு மணக்கிற ஷிராஸ் வேண்டும். பழ மணம் உள்ளது அவருக்குப் பிரான்ஸிலிருந்தே வேண்டிய அளவு கிடைக்கிறதாம்.

நம்மிடம் இருப்பதெல்லாம் பழம். நன்றி தெரிவித்துப் பதில் போட்டேன். மிளகைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.

மார்ச் 11

சாரின் யோசனை: "குமுளி பக்கத்துலதான இருக்கு? ரெண்டு மூட்டை மொளகு வாங்கித் துணியில கட்டி உள்ள தொங்க விட்டுருவோம்." விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

மார்ச் 14

மூன்று நாளாக ஷிராஸ் மிளகைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். பாதி எனக்கு முன்பே தெரியும். ரோட்டன்டோன் என்று ஒரு பொருள். மிளகிலும் இருக்கிறது, சில ஷிராஸ் பழத்தோலிலும் இருக்கிறது. குளிர்ச்சியான, வெயில் குறைந்த இடத்தில் அதிகம் சேரும்.

தெரியாமல் இருந்தது இது: ஐந்து பேரில் ஒருவருக்கு அந்த மணம் அறவே தெரியாதாம். மூக்கு நன்றாகவே இருக்கும், மற்ற எல்லாம் தெரியும், அது மட்டும் தெரியாது. எவ்வளவு விசித்திரம்! இங்கே வேலை செய்பவர்களில் அந்த ஒருவர் யார் என்று கண்டுபிடிக்க வேண்டும். வாட்ச்மேன் பொன்னாங்கனாக இருக்கும் என்பது என் சந்தேகம். அவருக்குக் கெட்டுப்போன சாம்பாரே தெரியாது.

மார்ச் 16

ஆறு டேங்கிலிருந்தும் ஆறு கண்ணாடி டம்ளர். எது எந்த டேங்க் என்று தெரியாதபடி அடியில் சீட்டு ஒட்டி, அன்னக்கொடி அக்காவை இடம் மாற்றி மாற்றி வைக்கச் சொன்னேன். கண்ணைக் கட்டிக்கொண்டு முகர வேண்டும். எதில் மிளகு, அவ்வளவுதான் கேள்வி.

எடைமேடை பாண்டியம்மா ஒன்றைக் காட்டினார். சாரின் டிரைவர் அதையே காட்டினார். பாட்டில் அடைக்கும் இரண்டு பெண்களும் அதையே காட்டிவிட்டு, இதில் என்ன போட்டி இருக்கிறது என்பதுபோல என்னைப் பார்த்தார்கள். பொன்னாங்கன் ஆறையும் முகர்ந்துவிட்டு, "எல்லாமே புளிச்ச வாடதான் மேடம்" என்றார். நான் நினைத்தது சரி.

பிறகு நான் கண்ணைக் கட்டிக்கொண்டேன். ஆறும் எந்தெந்த டேங்க் என்று வரிசையாகச் சரியாகச் சொன்னேன், ஒன்று தப்பவில்லை. மிளகு எதிலும் இல்லை.

சீட்டைப் புரட்டிப் பார்த்தால் அவர்கள் காட்டியது ஆறாவது.

மார்ச் 17

டம்ளர்களைச் சோப்பு வாசனை போகக் கழுவவில்லை. நேற்றைய சோதனை செல்லாது.

மார்ச் 18

நானே கழுவினேன், வெந்நீரில். ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்காதபடி ஒவ்வொருவராக உள்ளே அழைத்தேன். அதே ஆறாவது. கணக்கர் புதிதாக வந்தார், அவரும் ஆறாவது. பொன்னாங்கனுக்கு மட்டும் இன்றும் எல்லாமே புளிச்ச வாடை. அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

மார்ச் 19

சளி பிடித்திருக்கலாம்.

மார்ச் 20

சளி இல்லை.

மார்ச் 22

ஞாயிறு. பூசைக்குப் போய்விட்டு வந்து, அடுப்படியில் மிளகை எடுத்து அம்மியில் வைத்துத் தட்டினேன். முகர்ந்தேன். வருகிறது! எலுமிச்சைத் தோல் மாதிரி ஒரு சுறுக்கு, மரப்பட்டை மாதிரி ஒரு உலர்வு, பிறகு மூக்கில் ஏறும் காரம். எனக்கு மிளகு தெரிகிறது. தெரியாமலா இத்தனை வருடம் பொங்கலில் பொறுக்கி எடுத்து ஓரம் வைத்தேன்? என் மூக்கில் ஒரு கோளாறும் இல்லை.

நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்கினேன்.

மார்ச் 24

மறுபடி படித்தேன். முன்பு அவசரத்தில் விட்டுவிட்ட ஒரு பத்தி இருந்தது. மிளகில் பல மணங்கள் உண்டாம். எலுமிச்சைத் தோல், மரப்பட்டை எல்லாம் வேறு வேறு பொருள்கள். அந்த ஒன்று தெரியாதவர்களுக்கும் இவையெல்லாம் தெரியும். அதனால்தான் அவர்கள் சாகும்வரை தங்களுக்கு மிளகு தெரியும் என்றே நினைத்துக்கொண்டிருப்பார்களாம்.

அப்படியானால் நான் இத்தனை காலம் மிளகு என்று நினைத்தது, மிளகைக் கழித்த மிளகு.

அழுதேன், எழுதுவதற்கென்ன. நாற்பத்தொரு வயதில், மூக்கை வைத்துச் சோறு தின்பவளுக்கு இது வர வேண்டுமா? ஆனால் அழுகை அதிக நேரம் நிற்கவில்லை. அதைத் தள்ளிக்கொண்டு ஆவல் வந்துவிட்டது. அது எப்படி இருக்கும்? என் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்து, பக்கத்து வீட்டுக்காரர்களுக்குத் தெரிந்து, எனக்கு மட்டும் தெரியாமல் நான் தின்றது என்ன?

அன்னக்கொடி அக்காவை உட்காரவைத்துக் கதவைச் சாத்திவிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் வாயில் கை வைத்துக்கொண்டார்.

"ஆறாவதுல வருதே, அது எப்படி இருக்குக்கா?"

"மொளகு மாதிரி இருக்கு."

"மிளகு எப்படி இருக்கும்?"

"இந்தா, இது மாதிரி இருக்கும்."

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு அவர் கண்ணை மூடி யோசித்துச் சொன்னார். "வெயில் நேரத்துல கதவத் தெறந்து உள்ள போனா இருட்டா, சில்லுனு இருக்கும்ல? அப்படி ஒரு இது. ஆனா சுடும்." எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் எழுதி வைத்துக்கொள்கிறேன்.

போகும்போது சொன்னார். "நான் ஆருகிட்டயும் மூச்சுவிட மாட்டேன் தாயி. எங்க மாமியாளுக்குக் காது கேக்காது. நாப்பது வருசமா ஊருல ஆரும் கண்டுபிடிக்கல, அம்புட்டுச் சாமர்த்தியம்."

மார்ச் 26

மாயழகு அண்ணனின் தோட்டத்துக்குப் போனேன். பந்தலுக்கடியில் நின்று பார்த்தால் எல்லாம் விளங்கியது. மேற்கே மலை, மேலே கிள்ளாத இலை. பழத்தில் வெயில் நேராகப் பட்டதே இல்லை. நான் நாசிக்கில் கற்றுக்கொண்டு வந்து மற்ற எல்லோரையும் கிள்ள வைத்தேன். அந்த ஐந்து டேங்கின் மிளகையும் நானே கிள்ளிப் போட்டிருக்கிறேன்.

தரத்தை முதல் தரமாக மாற்றிவிட்டேன் என்றேன். அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"ஏன் தாயி, என்ன விசயம்?"

"ஒண்ணுமில்லண்ணே. அடுத்த வருஷமும் இலையக் கிள்ளாதீங்க."

"கல்யாணம் முடிஞ்சிருச்சே, இனிமே வேலை செய்வேன்."

"வேண்டாம்ணே. செய்யாதீங்க."

"ஒண்ணுமே செய்யாம இருக்கணுமா?" கொஞ்சம் யோசித்தார். "அதுக்குக் கூலியாளு எதுக்கு, நானே போதுமே" என்றார். இந்த முறை டீ அவர் வீட்டில்.

மார்ச் 27

வினிகர் கம்பெனிக்குப் போன் செய்து ஆறாவது டேங்கை இப்போது எடுக்க வேண்டாம் என்றேன். சரி என்றார்கள். சாரிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால், ஏன் முதலில் ஊமை என்றாய் என்று கேட்பார். அதற்கு ஒரு பதில் தயார் செய்துகொண்டு சொல்லலாம்.

மார்ச் 29, குருத்து ஞாயிறு

கையில் குருத்தோலையோடு பவனியில் போய்க்கொண்டிருந்தபோது அன்னக்கொடி அக்காவிடமிருந்து ஏழு அழைப்புகள். போன் பையில் இருந்தது. கோயிலை விட்டு வெளியே வந்துதான் பார்த்தேன்.

டேங்கர் வந்துவிட்டது. பர்மிட் தேதி இன்றோடு முடிகிறதாம். கம்பெனி ஆபீஸில் நான் சொன்னது டிரைவருக்குப் போய்ச் சேரவில்லை. சாருக்கு விஷயமே தெரியாததால் அவரே கேட்டைத் திறந்துவிட்டிருக்கிறார்.

நான் வந்து சேர்ந்தபோது அன்னக்கொடி அக்கா வால்வின்மேல் முதுகைச் சாய்த்து, காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். முந்தானை முழுக்கச் சிவப்பு. டிரைவர் கத்திக்கொண்டிருந்தார். "மேடம் வராம இனி ஒரு சொட்டு எறங்காது. என்னையும் சேத்து டேங்கருல ஏத்திக்கிட்டுப் போ" என்று அக்காவும் கத்திக்கொண்டிருந்தார். வீட்டிலிருந்து சேதி கேட்டு அக்கா ஓடி வருவதற்குள் பாதிக்குமேல் இறங்கிவிட்டது. மிச்சம் ஆயிரத்து நானூறு லிட்டர்.

குருத்தோலையைக் கையிலேயே வைத்திருந்தேன் என்பது பிறகுதான் தெரிந்தது. என்மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இரண்டு நாள் முன்பே சாரிடம் வாயைத் திறந்திருந்தால் போதும்.

மார்ச் 30

சாரிடம் சொன்னேன்: ஆறாவதில் மிளகு இருக்கிறது, அதுதான் நிறுத்தினேன்.

"நான்தான் அன்னைக்கே காட்டமா வருதுன்னேனே" என்றார்.

"ஆமா சார், இப்பத்தான் மணம் நல்லாத் திறந்திருக்கு."

நான் பொய் சொல்லவில்லை. மிளகு இருக்கிறது என்றுதான் சொன்னேன். எனக்கு வருகிறது என்று சொல்லவில்லை.

ஏப்ரல் 5

ஈஸ்டர். அன்னக்கொடி அக்காவுக்கு ஒரு சேலை எடுத்துக் கொடுத்தேன். சிவப்பு வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்.

ஏப்ரல் 9

வீராசாமி வந்தார். உயரம், மாநிறம், நரைத்த மீசை. பார்த்தால் சின்னமனூரில் அரிசி மண்டி வைத்திருப்பவர் என்றே சொல்லலாம். "வணக்கம்" என்றார், அத்தோடு அவர் தமிழ் முடிந்தது. சார் விடாமல் தமிழிலேயே பேசிக்கொண்டிருந்தார், கொஞ்சம் சத்தமாகப் பேசினால் புரிந்துவிடும் என்பதுபோல. எங்களோடு வீராசாமி பேசியது ஆங்கிலம், நான் தமிழில் எழுதுகிறேன். மனைவியோடு வந்திருக்கிறார். ஆனால் அந்த அம்மாள் நேற்று கம்பத்தில் பரோட்டாவும் சால்னாவும் ஆசையாகச் சாப்பிட்டுவிட்டு லாட்ஜில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கிறாராம்.

ஆறு டம்ளர் வைத்தேன். எண் எழுதவில்லை. அவர் ஒவ்வொன்றாக எடுத்துச் சுழற்றினார். நெடுநேரம் சுழற்றினார். கண்ணை மூடினார். பிறகு ஒன்றைக் கீழே வைக்குமுன் என் முகத்தைப் பார்த்தார், சாரின் முகத்தைப் பார்த்தார். அடுத்ததை எடுத்தார், மறுபடி எங்கள் முகம். இந்த மூன்று வாரமாக நான் செய்வதெல்லாம் இதுதானே. சுழற்று, கண்ணை மூடு, பக்கத்திலிருப்பவர் முகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்.

இரண்டாவது டேங்கின் டம்ளரில் சாரின் முகம் மலர்ந்தது. எட்டாயிரம் லிட்டராயிற்றே, மலராதா?

"இதுதான்" என்றார் வீராசாமி. "என்ன ஒரு மிளகு! நான் தேடி வந்தது இதுதான்."

தட்டோடு கதவருகே நின்ற அன்னக்கொடி அக்கா இருமினார். சார் மேசைக்கடியில் என் காலை மிதித்தார், ஒரு முறையல்ல. பேசாதே என்று அர்த்தம். இரண்டாவது போனால் ஒரு கன்டெய்னர் நிறையும், கொடி பிழைக்கும், நான் இங்கேயே இருப்பேன். நான் வாயைத் திறக்கவே வேண்டியதில்லை, அவர்தானே சொன்னார். ஆனால் அது தீவில் போய் இறங்கும். அங்கே ஐந்து பேரில் நான்கு பேருக்கு மூக்கு இருக்கிறது. மிளகு எங்கே என்று கேட்பார்கள். அதற்குப் பிறகு இந்தப் பள்ளத்தாக்கின் பெயரை அவர் வாயால் சொல்லமாட்டார்.

அவர் சொன்னது தவறு என்று மட்டும் சொன்னால் போதாது. என் மூக்கா, உன் மூக்கா என்று ஆகிவிடும். அதில் வாங்குகிறவர் மூக்குதான் ஜெயிக்கும்.

"இதில் மிளகு இல்லை" என்றேன். "அதோ அந்த டம்ளரில் இருக்கிறது. எனக்கு அது தெரியாது. நான் இதை உண்டாக்கியவள், ஆனால் எனக்கு அந்த மணம் வராது. இங்கே இருக்கிற மற்றவர்களில் ஒருவரைத் தவிர எல்லோருக்கும் வரும். அவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்."

சாருக்கு ஆங்கிலம் புரியும். மிதிப்பது நின்றுவிட்டது. வாய் திறந்தபடி என்னைப் பார்த்தார்.

வீராசாமி டம்ளரை வைத்தார். பிறகு மெதுவாக, "எவ்வளவு காலமாக?" என்றார்.

"தெரிந்து மூன்று வாரம்."

"எனக்கு இருபது வருடம்" என்றார்.

பிறந்ததிலிருந்தே அப்படித்தானாம். தெரிந்துகொண்டது இருபது வருடத்துக்கு முன். மனைவி சொலாஞ்ச்தான் எப்போதும் கூட வந்து முகர்ந்து, மேசைக்கடியில் முழங்காலைத் தட்டுவாராம். இன்று முதல் முறையாகத் தனியாக உட்கார்ந்திருக்கிறார். இதைச் சொல்லிவிட்டு அவர் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்கும் வந்தது. சார் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து ஜீப் சாவியை எடுத்தார்.

இரண்டாவது, ஆறாவது இரண்டையும் சின்ன பாட்டிலில் அடைத்துக்கொண்டு கம்பம் லாட்ஜுக்குப் போனோம். அந்த அம்மாள் இரண்டையும் முகர்ந்தார். ஆறாவதுதான் வேண்டும் என்றார், ஆயிரத்து நானூறு லிட்டரும் வேண்டும் என்றார். கன்டெய்னர் நிறையாதே என்றார் சார். வேறு சரக்கோடு சேர்த்துக் கொச்சியில் ஏற்றிக்கொள்கிறோம், ஆனால் அடுத்த வருடம் இதே மிளகோடு முழுக் கன்டெய்னர் தர முடியுமா என்று வீராசாமி கேட்டார். இலையைக் கிள்ளாமல் விட்டால் மலையடிவாரத்துத் தோட்டங்கள் எல்லாவற்றிலும் வரும் என்று நினைக்கிறேன், உறுதி சொல்ல முடியாது என்றேன். அது போதும் என்றார்.

திரும்பும் வழியில் ஜீப்பை ஓட்டிக்கொண்டே சார் கேட்டார்.

"அப்ப நாலு வருசமா என் ஒயினுக்கு மூக்கே இல்லையா?"

"இருந்துச்சு சார். அஞ்சுல நாலு பேருக்கு இருக்கிறதுல ஒண்ணு மட்டும் கொறைச்சல்."

"எங்கிட்டச் சொல்றதுக்கென்ன?"

ஆலை கேட்டுக்குள் நுழையும்போது, "சுவை பாக்குற மேசைக்கு இன்னொரு நாக்காலி வாங்கணும். அன்னக்கொடி நின்னுகிட்டே பாத்தா நல்லாவா இருக்கு?" என்றார். கொடியை வெட்டுவதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. போர்வெல் மோட்டாரைப் போட்டு ஷிராஸுக்குத் தண்ணீர் விடச் சொன்னார்.

ஏப்ரல் 10

நேற்று அசதியில் ஒன்றை எழுதாமல் விட்டுவிட்டேன். வியாபாரத்தை எல்லாம் எழுதியிருக்கிறேன், அதை எழுதவில்லை.

லாட்ஜ் அறையில் அந்த அம்மாள் போர்வையை மார்புவரை இழுத்துக்கொண்டு, முகமெல்லாம் வெளிறிப்போய்ப் படுத்திருந்தார். பக்கத்தில் பாதி குடித்த இளநீர். எங்களைப் பார்த்ததும் எரிச்சலோடுதான் எழுந்து உட்கார்ந்தார். முதலில் இரண்டாவதை முகர்ந்து, தலையை அசைத்துத் திருப்பிக் கொடுத்தார். அடுத்து ஆறாவதைக் கொடுத்தேன்.

அவர் கணவர் கட்டிலின் அந்தப் பக்கம் நின்றார், நான் இந்தப் பக்கம் நின்றேன். இரண்டு பேரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். டம்ளர் மூக்கருகே போனதும் புருவம் மேலே ஏறியது. கண் மூடியது. தோள் கொஞ்சம் இறங்கியது. வெளிறிய கன்னத்தில் நிறம் வந்தது, வெயிலில் நடந்து வந்தவர் வீட்டுக்குள் நுழைந்த மாதிரி உடம்பு முழுக்கத் தளர்ந்தது. பிறகு யாரோ கிச்சுகிச்சு மூட்டியதுபோல மூக்கைச் சுருக்கிக்கொண்டு, குழந்தை மாதிரி சிரித்தார். டம்ளரைத் திருப்பித் தரவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மறுபடி முகர்ந்தார்.

வீராசாமி என்னைப் பார்த்தார். இருபது வருடமாக இந்த முகத்தைப் பார்த்துத்தான் அவர் ஒயின் வாங்குகிறார்.

என் ஒயின் எப்படி இருக்கிறது என்று நேற்றுதான் பார்த்தேன்.